வெந்நீரில் ஊறிய வெள்ளைச் சட்டை

மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து, அவனுடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. இரத்தம் நின்று அவன் மறுபடி விளையாடப் போன பிறகு, வீட்டிலிருந்த சலவைத்தூளில் இரண்டு கைப்பிடியை வாளியில் கொட்டி, கை பொறுக்காத சூட்டில் வெந்நீரை ஊற்றி, சட்டையை அதில் அமுக்கி வைத்தேன். அழுக்கு பலமாக இருந்தால் தண்ணீரும் சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அன்று தெரிந்திருந்த ஒரே விதி. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது சிவப்பு போயிருந்தது. அந்த இடத்தில் சருகின் நிறத்தில், ஓரங்கள் பென்சிலால் வரைந்ததுபோல் துல்லியமாகத் தெரிய, ஒரு பழுப்புத் திட்டு உட்கார்ந்திருந்தது. பிரஷ் வைத்துத் தேய்த்ததில் நூல் நைந்ததே தவிரக் கறை அசையவில்லை. தூள் சரியில்லை என்று முடிவு கட்டி, மறுநாளே விலை கூடிய வேறொன்றை வாங்கி வந்தேன். அதற்கும் அந்தத் திட்டு அசைந்துகொடுக்கவில்லை.

குற்றம் தண்ணீரின் சூட்டில்தான் இருந்தது என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டதும் எப்படி இறுகுகிறதோ, அப்படியே இரத்தத்திலுள்ள புரதமும் வெந்நீரில் இறுகி நூலிழையைக் கவ்விக்கொள்கிறது. கறையைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு நான் அதைச் சட்டையிலேயே வேகவைத்திருக்கிறேன். பால், வாந்தி, குழந்தையின் மலம் ஆகியவற்றிலும் புரதம் இருப்பதால் அவற்றுக்கும் இதே கதைதான். இப்போது இரத்தக் கறை என்றால் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கறை வந்த வழியிலேயே வெளியேறும்படி குழாய்த் தண்ணீரை ஓடவிடுகிறேன். தண்ணீரில் சிவப்பு தெரிவது நின்ற பிறகு, நொதி (என்சைம்) கலந்த சலவைத்தூளைக் குளிர்ந்த நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். காய்ந்துபோன கறைக்கு ஓர் இரவு வேண்டியிருக்கும். வெள்ளைப் பருத்தித் துணியாக இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விடலாம். இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடைப்பதால் கறை பொங்கி நுரைக்கும். நுரையைத் துணியால் ஒற்றியெடுத்து, நுரைப்பது அடங்கும்வரை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்து, நன்றாக அலசிவிட வேண்டும். சாயத் துணியில் இதைச் செய்வதற்கு முன் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தச் சட்டைக்குப் பிறகுதான் சலவைத்தூள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன். முன்பக்கத்தில் மலையருவியும் பூவும் இருக்கும். நமக்கு வேண்டியது பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருக்கும். அழுக்கை நூலிலிருந்து பிரிக்கும் அடிப்படை வேலையைச் செய்வது மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள். அவற்றின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை எண்ணெயை விரும்பும், ஆகவே எண்ணெயை நடுவில் சிறைப்பிடித்துத் தண்ணீரோடு இழுத்துச் செல்லும். இவை எல்லாத் தயாரிப்புகளிலும் இருக்கின்றன. வேறுபாடு மற்றப் பொருள்களில்தான் வருகிறது. முதலாவது, கடின நீர் எனப்படும் உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் சோடியம் கார்பனேட், சியோலைட், சிட்ரேட் போன்றவை. சாதாரண சோப்புக்கட்டி கடின நீரில் நுரைக்காமல் வெண்மையான பிசுக்காகத் திரிந்து துணியில் படிவதற்குக் காரணம் அந்தக் கால்சியமும் மக்னீசியமும்தான். உங்கள் கெண்டியில் வெள்ளைப் படிவு சேருகிறது என்றால் துணிக்கும் அதே தண்ணீர்தான் போகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சோப்புக்கட்டியை மட்டும் நம்பியிருப்பது வீண்.

இரண்டாவது, நொதிகள். புரோட்டியேஸ் என்று எழுதியிருந்தால் அது இரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைத் துண்டுதுண்டாக நறுக்கும்; அமிலேஸ் கஞ்சி போன்ற மாவுப்பொருளையும், லிப்பேஸ் கொழுப்பையும் நறுக்கும்; செல்லுலேஸ் பருத்தித் துணியின் மேல் எழும்பும் பிசிறை நீக்கிப் பழைய நிறத்தைத் தெளிவாகக் காட்டும். இது ஏதோ அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைத் துணி வெளுக்கப் பயன்படுத்தும் முறைக்கு 1913-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். நொதிகள் மெதுவாக வேலை செய்பவை. வெதுவெதுப்பான நீரில், அதாவது 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் நன்றாகச் செயல்படும், கொதிநீரில் உருக்குலைந்து செத்துப்போகும். ஆகவே நொதி கலந்த தூளை விலை கொடுத்து வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, ஐந்து நிமிடத்தில் அலசிவிட்டால் அந்தப் பணம் சாக்கடைக்குத்தான். பட்டும் கம்பளியும் தாமே புரதத்தால் ஆனவை என்பதால் புரோட்டியேஸ் அவற்றையும் கறையாகவே கருதி அரிக்கும். என் கம்பளிச் சால்வை ஒன்று இரண்டே சலவையில் சல்லடையானது இப்படித்தான்.

மூன்றாவது, வெளுப்பான். தூளில் இருப்பது பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிந்து, தேநீர், பழச்சாறு போன்றவற்றின் நிறத்தை ஆக்சிஜனால் அழிக்கிறது. தூளுக்கும் திரவத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பெர்கார்பனேட் தண்ணீரைக் கண்டால் சிதைந்துவிடும் என்பதால் திரவத்தில் அதைக் கலந்து புட்டியில் அடைத்து வைக்க முடியாது. எனவே வெள்ளைத் துணிக்கும் பழச்சாறு, தேநீர்க் கறைகளுக்கும் தூள்தான் கைகொடுக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடர்நிறத் துணிகளுக்கும் திரவம் ஏற்றது, ஏனென்றால் அது முழுவதும் கரைந்திருக்கிறது, கருப்புத் துணியில் வெள்ளைக் கோடு போடாது, கறை மேல் நேராகத் தடவவும் வசதி. இது தெரியாமல், திரவம் நவீனமானது என்ற எண்ணத்தில் ஓராண்டு முழுவதும் திரவத்தையே பயன்படுத்திவிட்டு, வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் ஏன் சாம்பல் பூத்துக்கொண்டே போகின்றன என்று நான் குழம்பியதுண்டு.

பளிச்சென்ற வெண்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல தயாரிப்புகளில் ஒளிர்வூட்டிகள் என்ற பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால் மஞ்சளித்த துணி வெள்ளையாகத் தோன்றும். அழுக்கு எங்கும் போவதில்லை. நம் பாட்டிமார் நீலம் போட்டதும் கண்ணை இவ்வாறு ஏமாற்றத்தான், ஆனால் அவர்கள் அதை வெளிப்படையாகச் செய்தார்கள்.

இப்போது வீட்டில் மூன்று வகை வைத்திருக்கிறேன்: நொதியும் பெர்கார்பனேட்டும் உள்ள தூள், வண்ணத் துணிகளுக்கு ஒரு திரவம், பட்டுக்கும் கம்பளிக்கும் நொதியில்லாத மென்மையான திரவம். மகளுக்குத் தோல் அரிப்பு வந்தபோது வாசனையில்லாத வகைக்கு மாறி, இயந்திரத்தில் கூடுதலாக ஒருமுறை அலசவைத்தேன். அதற்குப் பின் வாசனைக்காக எதையும் வாங்குவதில்லை. சுத்தத்துக்கு வாசனை கிடையாது. வாசனை வருகிறது என்றால் துணியில் ஏதோ மிச்சமிருக்கிறது என்று பொருள்.

மிச்சமிருப்பது எவ்வளவு என்பதை ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன். குளியல் துண்டுகள் அட்டைபோல் விறைத்து, நனைந்தவுடன் ஈரநாற்றம் அடித்தன. தூள் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு நாள் துவைத்துக் காயவைத்த நான்கு துண்டுகளைத் தூள் எதுவும் போடாமல், வெறும் வெந்நீரோடு இயந்திரத்தில் ஓடவிட்டுக் கண்ணாடிக் கதவின் முன்னால் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் பாதிக் கதவு வரை நுரை ஏறியது. அத்தனையும் பல மாதங்களாக நான் போட்டு, அலசப்படாமல் தங்கிவிட்ட தூள். அந்தப் பிசுக்கில் அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கொள்வதால்தான் நாற்றம். நுரை நிற்கும்வரை மூன்று முறை ஓடவிட்டு, பிறகு அளவுக்கரண்டியில் குறித்திருக்கும் கோட்டை மதிக்கத் தொடங்கினேன். நுரைக்கும் வெளுப்புக்கும் தொடர்பில்லை. முன்கதவு இயந்திரத்தில் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடிபடுவதால்தான் அழுக்கு போகிறது, நுரை அதிகமானால் மெத்தை விரித்ததுபோலாகி அந்த அடியே விழாது. துணி மென்மையாக்கியையும் துண்டுகளுக்குப் போடுவதை அன்றோடு நிறுத்தினேன். அது நூலின் மேல் ஒரு மெழுக்கைப் பூசுகிறது. மெழுகிய துண்டு தண்ணீரை எப்படி உறிஞ்சும்?

எண்ணெய்க் கறையில் நான் செய்துகொண்டிருந்த தவறு வேறு விதமானது. கணவரின் சட்டையில் எண்ணெய் தெறித்தால் உடனே ஓடிப்போய்த் தண்ணீரில் நனைப்பேன். நனைந்த நூலுக்குள் எண்ணெயைக் கரைக்கும் பொருள் எளிதில் புகாது. அதைவிட மோசம், நனைந்த துணி முழுவதும் அடர்நிறமாகிவிடுவதால் கறை போய்விட்டதாகவே தோன்றும். அந்த நம்பிக்கையில் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுவேன். மாலையில் அவர் வெளியே போய் வெளிச்சத்தில் நிற்கும்போதுதான் வட்டம் வட்டமாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்ட எண்ணெய் நூலுக்குள் ஆழமாக இறங்கி, காற்றில் இறுகி, பழைய கறையாகிவிடுகிறது. பாலியஸ்டர் கலந்த துணி பருத்தியைவிட எண்ணெயை அதிகமாகப் பற்றிவைத்துக்கொள்ளும். இப்போது முதலில் காய்ந்த துணியால் ஒற்றியெடுத்து, முகப்பவுடரோ சோளமாவோ தூவிக் கால் மணி நேரம் விட்டு உதறுகிறேன். பிறகு, துணி காய்ந்திருக்கும்போதே, பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு விரல்நுனியால் மெல்லத் தடவிப் பத்து நிமிடம் கழித்து அந்தத் துணி தாங்கும் சூட்டில் துவைக்கிறேன். எந்தக் கறையாக இருந்தாலும், காயவைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, போய்விட்டது என்று உறுதியான பின்னரே இஸ்திரியை எடுப்பது என்பதை எங்கள் வீட்டில் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

மஞ்சள்தூள் கறை எனக்கு நீண்ட நாள் புதிராக இருந்தது. சோப்புப் போட்டதும் மஞ்சள் நிறம் இரத்தச் சிவப்பாக மாறும். முதன்முறை பார்த்த மகள் அலறிவிட்டாள். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும், அலசிய பின்னோ புளிப்பு பட்டாலோ மீண்டும் மஞ்சளாகும். ஆகவே சிவப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். எனவே முதலில் எண்ணெய்க் கறைக்குச் செய்வதைச் செய்து, மிஞ்சும் நிறத்தை வெயிலிடம் ஒப்படைக்க வேண்டும். குர்குமின் ஒளியில் சிதைந்துபோகும் பொருள். ஒருமுறை தலையணை உறை ஒன்றை ஈரத்தோடு கொடியில் போட்டபோது, காற்றில் மடிந்து கறையின் மேல்பாதி நிழலில் மறைந்துவிட்டது. மாலையில் எடுத்தபோது வெயில் பட்ட பாதி ஏறக்குறைய வெளுத்திருந்தது. மடிப்புக்குள் இருந்த பாதி காலையில் இருந்தபடியே பளபளத்தது. நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. மறுநாள் புரட்டிப் போட்டேன், மீதியும் போயிற்று.

தேநீர்க் கறையில் பால் கலந்திருந்தால் அது இரட்டைக் கறை. முதலில் குளிர்ந்த நீர், பிறகு பெர்கார்பனேட் கரைத்த 40 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம். அந்தக் கரைசலை மூடியிட்ட புட்டியில் மட்டும் சேமிக்கக் கூடாது, ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருப்பதால் புட்டி வெடிக்கும்.

பேனா மையில் வெற்றியும் தோல்வியும் உண்டு. பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்ப் பசையுள்ளது, சாராயத்தில் கரையும். கை கழுவும் ஆல்கஹால் சானிடைசரே போதும். துணிக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, பின்பக்கத்திலிருந்து பஞ்சால் ஒற்றி ஒற்றி, அடித்துணியில் நீலம் இறங்க இறங்க அதை இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். தேய்த்தால் ஒரு கோடு ஒரு மேகமாகிவிடும். அடுப்புப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யவே கூடாது. ஜெல் பேனாக்களில் பலவற்றின் நிறம் கரையாத நிறமித் துகள்களால் ஆனது. அவை நூலின் இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டால் எந்தச் சாராயமும் பயன்படாது. இரண்டு சட்டைகளைக் கெடுத்த பிறகு, வீட்டுக்கு ஜெல் பேனா வாங்குவதை நிறுத்துவதே மலிவான கறைநீக்கி என்று கண்டுகொண்டேன்.

அக்குள் மஞ்சளுக்குக் காரணம் வியர்வை மட்டுமில்லை. வியர்வைத் தடுப்பானிலுள்ள அலுமினிய உப்புகள் வியர்வையோடும் தோலின் எண்ணெயோடும் சேர்ந்து நூலை விறைக்கச் செய்கின்றன. நான் குளோரின் வெளுப்பானை ஊற்றினேன். மஞ்சள் இன்னும் அடர்ந்தது. வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகு பெர்கார்பனேட்டில் போட்டதுதான் பயனளித்தது. அதைவிடப் பயனுள்ளது, பூசியது காய்ந்த பிறகு சட்டையைப் போடச் சொல்வது. இரும்புக் கொக்கியின் துருக்கறைக்கும் குளோரின் ஆகாது. அது துருவை நிலைப்படுத்திவிடும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ துருவைக் கரைத்தெடுக்கும். துணியின் கழுத்துச் சீட்டிலுள்ள முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை. வெறும் முக்கோணம் என்றால் எந்த வெளுப்பானும் ஆகும்; உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் கூடாது, ஆக்சிஜன் வகை மட்டும்; குறுக்கே அடித்திருந்தால் எதுவும் கூடாது.

குளோரினைப் பற்றி எச்சரிக்கையாகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வெளுப்பான் ஊற்றிய வாளியில் கறை போகாத கோபத்தில் வினிகரையும் சேர்த்தேன். மூடிய குளியலறை. சில நொடிகளில் கண்ணும் தொண்டையும் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். அமிலம் பட்ட குளோரின் வெளுப்பான் குளோரின் வாயுவை விடும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவம் பட்டால் குளோராமின் என்ற வேறொரு நச்சாவி வரும். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, நடுவில் நிறையத் தண்ணீர் என்பது அன்றிலிருந்து என் வழக்கம். இதற்கு நேர்மாறாக, பலரும் பரிந்துரைக்கும் சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்த கலவை முற்றிலும் சாதுவானது; பொங்கும்போது பார்க்க அழகாக இருக்கும், பொங்கி முடிந்ததும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு உப்புத் தண்ணீராகக் கிடக்கும். சலவைத் திரவத்தை மெல்லிய உறையில் அடைத்து வண்ண வண்ணமாக வரும் சலவை உருண்டைகளை நான் வீட்டுக்குள் சேர்ப்பதேயில்லை. அடர்த்தியான அந்தத் திரவம் மிட்டாய்போல் இருக்கிறது. குழந்தை கடித்துவிட்டால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், கண்ணில் பீச்சியடித்தால் கண்ணைக் கெடுக்கும்.

அந்த வெள்ளைச் சட்டை இன்னும் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, நொதித்தூள் கரைத்த நீரில் ஓர் இரவும், அலசிவிட்டுப் பெர்கார்பனேட் கரைசலில் மறு இரவும் ஊறவைத்தேன். முக்கால்வாசி வெளுத்தது, மீதி இளம்பழுப்பாக நின்றுவிட்டது. மகன் அதற்குள் அதைவிட இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டான். இப்போது அதன் முதுகுப்புறத்தில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, புதிதாக எந்தத் தூள் வாங்கினாலும் ஒரு கட்டத்தில் தேநீர், ஒன்றில் எண்ணெய், ஒன்றில் மை என்று வைத்து ஒரு நாள் காயவிட்டுத் துவைத்துப் பார்க்கிறேன். சென்ற மாதம் வாங்கிய தூளில் தேநீர் போய்விட்டது, எண்ணெய் பாதி நிற்கிறது, மை அப்படியே இருக்கிறது. முதுகில் இன்னும் ஆறு கட்டங்கள் மிச்சம். பிறகு கைப்பகுதிக்குப் போக வேண்டும்.